ஆர்கானிக்: ஓர் உரிச்சொல் ஆராய்ச்சி (விருத்தியுரையுடன்)

ஆர்கானிக் என்பது ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னும் தமிழில் விலைக்கு முன்னும் வரும் உரிச்சொல். வேதியியல், வேளாண்மை, மருத்துவம், சட்டம், சமூகவியல், கட்டடக் கலை, வணிகம், மளிகை என்னும் எட்டுத் துறைகளில் இது வழங்குகிறது; எட்டிலும் எட்டுப் பொருள். இவற்றுள் எவையேனும் இரண்டு தம்முள் பொருந்துமாயின் அது தற்செயல் என்க. பலபொருள் ஒருசொல் என்று ஒரே வரியில் அடக்கிவிட்டுப் போவது பள்ளி ஆசிரியர் வழக்கம். ஒரே வரியில் முடிவதை நாற்பது பக்கமாக நீட்டாதவருக்குப் பட்டம் கிடைப்பதில்லை என்பதால் ஈண்டு விரிவு கொள்ளப்படுகிறது.

பெயர்க்காரணம்

கிரேக்கத்தில் ஆர்கனான் என்றால் கருவி. வேலை என்று பொருள்படும் எர்கான் இதன் உறவு. எனர்ஜி, சர்ஜன், அலர்ஜி ஆகியவையும் ஆங்கிலேயர் அன்றாடம் புலம்பும் ‘ஒர்க்’கும் ஒரே வேரில் கிளைத்தவை. அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்கள் ஆறையும் பின்வந்தோர் ஆர்கனான் என்ற பெயரில் தொகுத்தனர். சிந்தனைக்கு அவை கருவி என்பது கருத்து. பழைய கருவி துருப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிய பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் ‘நோவம் ஆர்கனம்’, அதாவது புதிய கருவி, என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். லத்தீனில் ஆர்கனம் இசைக்கருவியையும் குறித்தது. கிறிஸ்தவ தேவாலயத்தில் ஞாயிறு காலை ஒலிக்கும் ஆர்கன் அதன் வாரிசு. கண் பார்க்கும் கருவி, காது கேட்கும் கருவி என்ற கணக்கில் உடலுறுப்பும் ஆர்கன் ஆயிற்று.

ஆகவே கருவி சார்ந்தது, கருவிபோல் இயங்குவது என்பதே இச்சொல்லின் முதற்பொருள். சுருங்கச் சொன்னால், இயந்திரத்தனமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. அதன்பின் ஜெர்மனியில் ஷ்லேகலும் இங்கிலாந்தில் கோலரிட்ஜும் கவிதை இயந்திரம்போல் பூட்டப்படாமல் செடிபோல் உள்ளிருந்து வளரவேண்டும் என்று வாதிட்டு, அப்படி வளர்வதற்கு ஆர்கானிக் என்று பெயர் சூட்டினர். இயந்திரத்தனம் என்றிருந்த சொல் ஒரே தலைமுறையில் இயந்திரத்தனத்தின் எதிர்ப்பதமாகிவிட்டது. நறுமணமாக இருந்த ‘நாற்றம்’ மூக்கைப் பொத்த வைத்ததை அறிந்த தமிழர் இதற்கு வியக்க மாட்டார்.

தமிழ்மூலக் கொள்கைகள்

மேற்கண்டவை அகராதிகளில் உள்ளவை. ஆதலால் ஆராய்ச்சியாளருக்கு உதவாதவை. சொல்லின் பொருளை அறிய அகராதியைப் புரட்டுவது மாணவர் வழக்கம், அகராதியையே புரட்டுவது அறிஞர் வழக்கம். எந்த மொழியின் எந்தச் சொல்லானாலும் அது தமிழிலிருந்து கப்பல் ஏறியதுதான் என்று இரண்டு நிமிடத்தில் நிறுவும் அறிஞர் குழாத்திடம் இச்சொல்லையும் ஒப்படைத்தால், அவர்கள் தவறாமல் மூன்று கட்சியாகப் பிரிவர்: ஊர்க்காணியார், ஆத்தியார், காணிக்கையார்.

ஊர்க்காணியார் கூற்று எளிது. ஊர் + காணி = ஊர்க்காணி. ஊருக்குப் பொதுவான நிலம். உரமூட்டை வருவதற்கு முந்திய நிலம். அதில் விளைந்ததே ஊர்க்காணி அரிசி. அஃது ஆர்கானி எனத் திரிந்து, ஈற்றில் ஒரு ‘க்’ ஏற்று ஆர்கானிக் ஆயிற்று (சான்று: கடைப்பலகை, இரண்டாம் வரி). ஊகாரம் ஆகாரமாகத் திரிய விதி யாது எனின், கடல் கடந்த சொல்லுக்கு விதி இல்லை. உப்புக்காற்றில் உயிரெழுத்து வாயகலும் என்பர். மிளகுத்தண்ணீர் இங்கிலாந்து போய் ‘முல்லிகடானி’ ஆனதையும், கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆனதையும் துணைக்கு அழைப்பர். இவ்விரண்டும் மெய். மெய்யான இரண்டை முன்னே நிறுத்திப் பொய்யான ஒன்றைப் பின்னே நுழைப்பது இத்துறையின் அடிப்படைப் பயிற்சி. ஈற்று ‘க்’ எங்கிருந்து வந்தது என்ற வினாவை இவர்கள் தம் அடுத்த நூலுக்கு ஒத்திவைத்துள்ளனர். அடுத்த நூலிலும் அது ஒத்திவைக்கப்படும்.

ஆத்தியார் இன்னும் ஆழமானவர். ‘ஆர்’ என்பது ஆத்தி மரம். சோழர் சூடிய மாலை ஆத்தி. ஆகவே ஆர் + காணி என்பது ஆத்தி நின்ற காணி, அதாவது சோழ மன்னரின் சொந்த வயல். அவ்வயலின் நெல்லை வாங்கிப்போன யவன வணிகர் பூம்புகாரிலிருந்து சொல்லையும் சேர்த்து ஏற்றிச் சென்றனர் (சான்று: கருப்பட்டிப் பொட்டலம், பின்பக்கம், சேர்மானப் பட்டியலுக்குக் கீழே, மடிப்பை விரித்தால் தெரிவது). இதற்கு ஒரு தடை உண்டு. யவன வணிகம் செழித்தது கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில், அரிஸ்டாட்டிலோ கி.மு. 322-இலேயே இறந்துவிட்டார். விடை: அரிஸ்டாட்டிலைச் சற்றுப் பின்னே தள்ளலாம். ஒரு முந்நூறு ஆண்டு. இத்தகைய ஆய்வுகளில் காலத்தை நகர்த்துவது கூட்டத்தில் நாற்காலியை நகர்த்துவதைவிட எளிது. நாற்காலியிலாவது யாராவது உட்கார்ந்திருப்பார்.

மூன்றாமவரான காணிக்கையாரிடமே நுட்பம் முழுதும் இருக்கிறது. இவர்கள் சொல்லைக் கடையிலிருந்து கற்றவர்கள். ‘யார்’ என்பது வட்டார வழக்கில் ‘ஆர்’ என வரும். விலைச்சீட்டைக் கண்ட வாடிக்கையாளர், “இது ஆர் காணிக்கை?” என்று வாய்விட்டுக் கேட்டதே சொல்லின் பிறப்பு. ‘ஆர் காணிக்கை’ நாளடைவில் ஈறு குறைந்து ஆர்கானிக் ஆயிற்று. குறைந்த ஈறு எது என்பதைக் கவனிக்க: ‘கை’. அதில் உயிர் போய் மெய் மட்டும் ‘க்’ என்று தேங்கியது. பொருளை வாங்கி வெளியே வருபவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதற்கு இதைவிட இலக்கணச் சான்று வேண்டுவதில்லை. ஊர்க்காணியாரைத் திணறடித்த ஈற்று ‘க்’ இங்கு வலுவில் வந்து தீர்வதால், மூன்றனுள் இதுவே தலை என்று கொள்ளப்படும் (சான்று: செக்கு நல்லெண்ணெய்ப் புட்டி, ஒரு லிட்டர், முன்பக்க ஓவியத்தில் மாட்டின் வலக்கொம்புக்கு நேர் கீழே, பழைய விலையின்மேல் ஒட்டிய புதிய விலை, ஈரக்கையால் உரித்தால் பழைய பாடம் கிடைக்கும்).

வேதியியற் பொருள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெர்சீலியஸ் உலகத்துப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். உயிருள்ளவற்றிலிருந்து கிடைப்பவை ஆர்கானிக், கல்லும் மண்ணும் தருபவை மற்றவை. முதல்வகையை ஆய்வுக்கூடத்தில் செய்ய இயலாது, அதற்கு உயிர்விசை வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். 1828-இல் அவருடைய முன்னாள் மாணவர் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியா செய்துவிட்டார். மனிதனுடையதோ நாயினுடையதோ, சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்ய வருகிறது என்று ஆசிரியருக்கே கடிதம் எழுதினார். அந்த நிமிடமே உயிர்விசைக் கொள்கை செத்து விழுந்ததாகப் பாடநூல்கள் கூறும்.

அது அப்படியொன்றும் விழவில்லை. வோலர் பயன்படுத்திய சயனேட்டின் மூலப்பொருள் அக்காலத்தில் கொம்பு, குளம்பு, இரத்தம் ஆகியவற்றிலிருந்தே தயாரானது. உயிர்விசை அவற்றின் வழியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்க இடமிருந்தது. கொள்கை மேலும் பல பத்தாண்டுகள் நடமாடியது. இந்தத் திடீர் மரணம் வேதியியலார் கட்டிய கதை என்று டக்ளஸ் மெக்கீ 1944-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதன்பின் அச்சான பாடநூல்கள் வழக்கம்போல் பழைய பாடநூல்களைப் பார்த்தே எழுதப்பட்டன. கதை சுகமாக இருக்கிறது; கொள்கைக்குத்தான் ஆண்டுதோறும் திதி நடக்கிறது.

1861-இல் கெக்குலே உயிர், விசை ஆகிய சிக்கல்களை ஒதுக்கிவிட்டு, ஆர்கானிக் வேதியியல் என்பது கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்று முடித்தார். தமிழ்ப் பாடநூல்கள் ‘கரிம’ என்று சொல்வது இவரைப் பின்பற்றியே. கரியமில வாயு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றில் கார்பன் இருந்தும் அவை கரிமம் ஆகா. ஏன் எனின், ஆகா. எல்லா இலக்கணத்திலும் புறனடை உண்டு.

இந்தப் பொருளில் பெட்ரோல் ஆர்கானிக். பாலித்தீன் பை ஆர்கானிக். டி.டி.டி. ஆர்கானிக், அதன் குடும்பத்துக்கே ஆர்கனோகுளோரின் என்று பெயர். ஆர்கானிக் தக்காளியை வாங்கிப் பாலித்தீன் பையில் போட்டுப் பெட்ரோல் வண்டியில் வீடு திரும்புபவர், வேதியியல் நோக்கில், தலை முதல் கால்வரை கொள்கை தவறாதவர். இதைக் கடையில் வைத்தே வாடிக்கையாளருக்கு விளக்கி, “கார்பன் இல்லாத அரிசி எங்கேயம்மா இருக்கு? எல்லா அரிசியும் ஆர்கானிக்தான்” என்று கூறும் வேதியியல் ஆசிரியர் ஊருக்கு ஒருவர் உண்டு. அவர் சொல்வது சரி. அவரை யாரும் வீட்டுக்குச் சாப்பிட அழைப்பதில்லை.

வேளாண்மைப் பொருள்

வேளாண்மையின் ஆர்கானிக் வேதியியலிலிருந்து வந்ததன்று. ‘ஆர்கனிசம்’, அதாவது உயிரி, என்ற சொல்லிலிருந்து வந்தது. பண்ணை முழுவதும் ஓர் உயிரி. மண், மாடு, மனிதர், புழு எல்லாம் அதன் உறுப்பு. நார்த்பார்ன் பிரபு 1940-இல் எழுதிய ‘லுக் டு த லேண்ட்’ நூல் இக்கருத்தை முன்வைத்தது. அதே ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்டின் ‘ஆன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்’ வெளிவந்தது. ஹோவர்ட் 1905-இல் பீகாரின் பூசாவுக்கு இந்திய உழவருக்குப் பாடம் சொல்ல வந்த தாவரவியலார். வந்த இடத்தில் அவர்களிடமே பாடம் கேட்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து அவர் உருவாக்கிய மக்கு உர முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர். 1942-இல் அமெரிக்காவின் ரோடேல் இச்சொல்லைத் தம் பத்திரிகையின் தலைப்பில் போட்டார். எருக்குழி இந்தியாவில், பெயர் இங்கிலாந்தில், சந்தா அமெரிக்காவில்.

விந்தை இதற்கு நூறு ஆண்டு முன்னதாகவே தொடங்குகிறது. பயிருக்குத் தாது உப்புகளைக் கொடுத்தால் போதும் என்று வாதிட்டு ரசாயன உரத் தொழிலுக்கு வித்திட்டவர் ஜெர்மனியின் லீபிக். 1840-இல் அவர் வெளியிட்ட அந்த நூலின் தலைப்பிலேயே ஆர்கானிக் வேதியியல் என்பது இருக்கிறது. ரசாயன உரத்தின் மூலநூலை இன்று தலைப்பை மட்டும் பார்த்து அடுக்கினால் ஆர்கானிக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

யூரியாவின் நிலை இன்னும் பரிதாபம். வேதியியலில் அது ஆர்கானிக் குலத்தின் கொடியேந்தி. அதை வைத்துத்தான் மேற்கண்ட கதையே கட்டப்பட்டது. வேளாண்மையில் அது ஆர்கானிக் வயலின் வரப்பைக்கூட மிதிக்கக்கூடாது. நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ள அதே வெள்ளைக் குருணை மாட்டின் சிறுநீரில் கரைந்து வந்தால் பஞ்சகவ்யம், மூட்டையில் வந்தால் தீட்டு. 2015 முதல் இந்திய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. குலத்தைவிட்டு விலக்கியவரைத் திருநீறு பூசி வாசலில் உட்கார வைத்தது போலத்தான்.

மறுபுறம் மயில்துத்தம். தாமிரமும் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. கார்பன் மருந்துக்கும் இல்லை. அதைச் சுண்ணாம்போடு கலந்த போர்டோ கலவை 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் புழக்கத்துக்கு வந்தது. ஆர்கானிக் சான்று பெற்ற ஐரோப்பியத் தோட்டத்தில் இன்றும் அதைத் தெளிக்கலாம். ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்பது மட்டுமே வரம்பு. ஆக, ஆர்கானிக்கான டி.டி.டி. ஆர்கானிக் அன்று, ஆர்கானிக் அல்லாத மயில்துத்தம் ஆர்கானிக்குக்கு ஆகும். இவ்வரியை இரண்டாம் முறை படித்தும் தலைசுற்றாதவர் இத்துறையில் முனைவர் பட்டத்துக்குத் தகுதியுடையவர்.

ஏனைய துறைகள்

பிரான்சில் ஆர்கானிக் சட்டம் என்பது அரசியலமைப்பை நிறைவு செய்யும் சட்டம். அதற்குப் பூச்சிமருந்து அடித்தார்களா என்று யாரும் கேட்டதில்லை.

மருத்துவத்தில், உறுப்பிலேயே கோளாறு தெரிந்தால் நோய் ஆர்கானிக். “ஆர்கானிக்கா ஒண்ணுமில்லம்மா” என்று மருத்துவர் சொன்னால் அது நற்செய்தி. மளிகைக் கடைக்காரர் சொன்னால் அவர் நேர்மையாளர்.

சமூகவியலில் துர்கைம் 1893-இல் தொழில் பிரிந்து ஒருவரையொருவர் சார்ந்து வாழும் நவீனச் சமூகத்தின் பிணைப்பை ஆர்கானிக் என்றும், ஒரே மாதிரி வாழும் பழைய சமூகத்தின் பிணைப்பை மெக்கானிக்கல் என்றும் பிரித்தார். நகரம் ஆர்கானிக், கிராமம் மெக்கானிக்கல். இதைப் பொட்டலத்தில் அச்சடிக்க ஒரு நிறுவனமும் முன்வராது. கட்டடக் கலையில் ஃபிராங்க் லாய்ட் ரைட் தம் கட்டடங்களை ஆர்கானிக் என்றார். ஆயினும் அவற்றுள் சில கான்கிரீட்டால் ஆனவை. வணிகத்தில், விளம்பரக் காசு கொடுக்காமல் கூட்டம் சேர்வது ஆர்கானிக். எட்டுப் பொருள்களுள் காசு செலவாகாத ஆர்கானிக் இது ஒன்றே.

மளிகைப் பொருள்

மேற்கூறிய ஏழும் முன்னுரையே. சொல் முழுமையடைவது மளிகையில். இங்கு அதன் பொருளை உறுதி செய்யும் சான்றுகள் நான்கு: சாக்கு, சணல், இலை, புழு.

சாக்கும் சணலும் வெளிப்படை. இலை நுட்பமானது. பொட்டலத்தின் மேல்மூலையில் பச்சை மையில் இலை இன்றியமையாதது. ஓர் இலை இருந்தால் போதும் என்பர் ஒருசாரார். இரண்டு இலை போட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வேறு பொருள் வந்துவிடுமாதலால் அச்சகத்தார் ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுவர். இலை மிக, விலை மிகும் என்பது பொதுவிதி.

புழு வாய்மொழிச் சான்று. “அண்ணாச்சி, இது ஆர்கானிக்தானா?” என்று வாடிக்கையாளர் கேட்பார். அண்ணாச்சி கத்தரிக்காயைப் பிளந்து காட்டி, “பாருங்க தம்பி, உள்ளாற ஆளே உக்காந்திருக்கு. மருந்தடிச்சா இருக்குமா?” என்பார். உடனே இரண்டு கிலோ நிறுக்கப்படும். முந்திய தலைமுறையில் இதே புழுவைக் காட்டிக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அந்தத் தம்பியின் வீட்டாரே.

சாக்கு, சணல், இலை மூன்றும் ஒருங்கே அமைந்து பொருள் அறவே அமையாத ஒன்று உண்டு. அது ஆர்கானிக் உப்பு. இதற்குத் தனியுரை தேவை.

சமையல் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்தது. கார்பன் இல்லை, கெக்குலே வழியில் ஆர்கானிக் ஆகாது. உயிரிடத்திலிருந்து பெறப்படுவதன்று, பெர்சீலியஸ் வழியிலும் ஆகாது. விதைப்பதும் அறுப்பதும் பயிருக்கு, உப்பு பயிரன்று, ஹோவர்ட் வழியும் அடைபடும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, வாரிக் குவிக்கிறார்கள். அங்கே யூரியா போடுவாரில்லை, பூச்சி வருவதுமில்லை. வந்தால் கருவாடு. இதில் எதைத் தவிர்த்ததால் அது ஆர்கானிக் ஆயிற்று?

பொட்டலமோ ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது (சான்று: ஆர்கானிக் கல் உப்பு, அரைக் கிலோ, இடப்பக்க மேல்மூலை, மூன்றாம் இலைக்கும் சணல் முடிச்சுக்கும் இடையில், ஈரம் கோத்து மை கலங்கியமையால் பாடபேதம் உண்டு: ‘ஆர்கானிக்’, ‘ஆர்கேனிக்’, ‘ஆகானி’. அடுப்படிப் பிரதி, கழுவுதொட்டிப் பிரதி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிரதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டதில் ‘ஆர்கேனிக்’ பிற்காலத்தார் கைவண்ணம் எனத் தெரிகிறது, கழுவுதொட்டிப் பிரதியில் முடிவுநாளுக்குப் பின் இரண்டு எழுத்தைக் கரப்பான் தின்றிருக்கிறது).

அரசுகளும் இதில் ஒன்றுபடவில்லை. ஒரு பண்டத்தில் ஆர்கானிக் பங்கு நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடும்போது உப்பையும் நீரையும் தள்ளிவிட்டே அமெரிக்க விதி கணக்கிடுகிறது. அவை எந்தக் கட்சியிலும் சேர்த்தியில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2018/848 எண் விதியின் இணைப்பில் கடலுப்பையும் பிற உப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஆர்கானிக் ஆக முடியாத அதே உப்பு மறுகரையில் ஆகலாம். நடுவில் இருப்பதும் உப்புநீரே.

சான்று முறை

இந்தியாவில் ஆர்கானிக் உற்பத்திக்கான தேசியத் திட்டம் 2001-இல் வந்தது. அதன்படி ஓராண்டுப் பயிர் நிலம் சான்று பெற இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர் நிலம் மூன்று ஆண்டும் மாற்றுக்காலம் கடக்கவேண்டும். அந்த ஆண்டுகளில் உழவருக்கு விளைச்சலும் குறையும், ஆர்கானிக் விலையும் கிட்டாது. 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி, இப்பெயரில் விற்கும் பொட்டல உணவுக்குச் சான்று வேண்டும். ஜைவிக் பாரத் முத்திரையையும் அவை வந்தபோது கேட்டன. நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு. இலை எத்தனை என்பது பற்றி அவ்விதிகளில் ஒன்றுமில்லை.

இவ்வுரை முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லாதவர், முத்திரையையும் சான்று எண்ணையும் பார்த்து வாங்குக. எதிரே உழவரே உட்கார்ந்து விற்றால் அவரைக் கேட்டு வாங்குக. உப்பு வாங்கும்போது அயோடின் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.